உட்பக்கத்துச் சேறு

ஹம்
9.10.1995

அன்புள்ள அத்தானுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். கஸ்ஸலில் ரெயின் தாமதம், அதனால் அடுத்ததையும் விட்டுவிட்டேன். வீட்டில் சிசிலி அக்கா சோறு மூடி வைத்திருந்தா. சாப்பிட மனம் வரவில்லை.

சனிக்கிழமை ஆற்றங்கரைக் கூரைக்குக் கீழே நீங்கள் வந்து நின்ற கோலம் இன்னும் கண்ணில் நிற்கிறது. சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு, இரண்டு கைகளையும் கக்கத்துக்குள் செருகிக்கொண்டு, "ஒண்டுமில்லை, கொஞ்சம் நனைஞ்சுபோட்டன்" என்று சிரித்தீர்கள். பல் கிடுகிடுத்தது. ஐந்து வருடம் கழித்துக் கிடைத்த கணவரோடு மாதத்தில் ஒரு பின்னேரம்தான் எனக்கு. அதில் பாதி உங்கள் தலையைச் சால்வையால் துவட்டுவதில் போனது. அது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். ஆனால் அதற்காக உங்களுக்குக் காய்ச்சல் வரத் தேவையில்லை.

"ஏன் பிள்ளை, அந்த மனுசன் பஸ்ஸிலை வரக்கூடாதே?" என்று சிசிலி அக்கா கேட்டா. விளக்கினேன். அகதி விண்ணப்பம் முடியும்வரை உங்கள் மாவட்டத்தை விட்டு வெளியே கால் வைக்க உங்களுக்கு அனுமதி இல்லை. ஹாலே நகரம் வேறு மாவட்டம். பஸ்ஸிலும் ஸ்ரேசனிலும் பொலிஸ் கடதாசி கேட்கும். அதனால் வயல் பாதையால் சைக்கிளில் வருகிறீர்கள் என்று. "அப்ப ஊரிலை ஆமிச் சென்றியைச் சுத்திப் போன மாதிரித்தான்" என்றா.

உங்களுக்கு ஒரு ஜக்கெற் வாங்கப் போகிறேன். சைக்கிள் ஓடுகிறவர்களுக்கென்றே தைத்த ஜக்கெற். இந்த மழையை எனக்குத் தெரியும். முதியோர் இல்லத்தில் காலை வேலைக்கு நான் சைக்கிளில்தானே போகிறேன். வந்த வருடம் ஒரு பிளாஸ்ரிக் கோட் வைத்திருந்தேன். வெளியே மழையால் நனையவில்லை, உள்ளே வியர்வையால் நனைந்தேன். பிறகு தலையால் போட்டுத் தொங்கவிடும் ஒரு குடைச்சட்டை வாங்கினேன். கால்வாய்க் கரையில் காற்று அதற்குள் புகுந்து என்னைப் பாய்க்கப்பல் ஆக்கியது. இவ்வளவும் பட்டுத்தான் ஒன்று தெரிந்துகொண்டேன்: கண்ணாடிக்கு முன்னால் நிமிர்ந்து நின்று போட்டுப் பார்த்து ஜக்கெற் வாங்கக்கூடாது. குனிந்து, கையை முன்னால் நீட்டிப் பார்க்கவேண்டும். அப்போது மணிக்கட்டு தெரிந்தால், முதுகு தெரிந்தால், அது சைக்கிளுக்கு உதவாது. உங்கள் சைக்கிளில் பின்சில்லுக்குச் சேறு தடுக்கும் மட்காட்டும் இல்லை. முதுகுப்பக்கம் நீளமாகத்தான் எடுக்கவேண்டும்.

மார்பு அளவும், கழுத்திலிருந்து மணிக்கட்டுவரை கை அளவும் எழுதி அனுப்புங்கள். மறக்க வேண்டாம்.

உங்கள்
வெரோனிக்கா


அகதி விடுதி
16.10.1995

அன்பின் வெரோனி,

கடிதம் கிடைத்தது. காய்ச்சல் வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது. பயப்படாதேயும்.

ஜக்கெற் வேண்டாம். இங்கே ஒரு முறை கண்டுபிடித்திருக்கிறோம். பெரிய குப்பைப் பை ஒன்றில் தலைக்கு ஒரு ஓட்டை, கைக்கு இரண்டு ஓட்டை. முழங்காலுக்கு மேலே முடியும். என் அறையில் இருக்கும் பாலச்சந்திரன், உமக்குத் தெரியும், அந்தக் கொக்குவில் பெடியன், அதைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனான். திரும்பி வந்து, "அண்ணை, ஒரு கிழவி என்னைக் குப்பை வாளிக்குள்ளை போடப் பாத்தவ" என்றான்.

உம்முடைய பிடிவாதம் எனக்குத் தெரியும். வாங்கத்தான் போகிறீர் என்றால் கறுப்பு எடும், இல்லாவிட்டால் கடுநீலம். வேறு நிறம் வேண்டாம்.

இங்கே வந்து பார்க்கவா என்று ஹாலேயில் திரும்பவும் கேட்டீர். வேண்டாம் என்று திரும்பவும் சொல்கிறேன். சனி ஞாயிறில் இந்தப் பக்கம் பஸ் இல்லை. இருந்தாலும் வேண்டாம். ஒரு அறையில் நாலு ஆண்கள், கதவுக்குப் பூட்டு இல்லை. நான் வருகிறேன். வருகிறவன் நானாக இருக்கட்டும்.

ரெலிபோனில் நீர் அழுததற்கு நான் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டேன். கோபம் இல்லை. நடையில் இருக்கிற அந்தக் காசு ரெலிபோனுக்குப் பின்னால் எப்போதும் ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள்.

மரியரட்ணம்


ஹம்
24.10.1995

அன்புள்ள அத்தானுக்கு,

அளவு அனுப்பச் சொன்னால் குப்பைப் பையின் அளவை அனுப்புகிறீர்கள்.

ஸ்ரேசனுக்குப் பின்னால் இருக்கும் சைக்கிள் கடைக்குப் போனேன். விற்கிற பெட்டைக்கு இருபத்தைந்து வயது இருக்கும். "உங்கட மனுசன் என்ன உயரம்?" என்றாள். என் நெற்றி அவருடைய நாடிக்கு வரும் என்று காட்டினேன். "மார்பு?" என்றாள். எனக்கு விடை தெரியவில்லை. உங்களுக்குச் சட்டை தைத்தவர் மன்னார்க் கடைத்தெருவில் இருந்த தையற்காரர். அவருடைய கொப்பியில்தான் அது இருந்தது.

கடைக் கண்ணாடி ஓரத்தில் ஒரு ஆண் பொம்மைக்கு ஜக்கெற் போட்டு வைத்திருந்தார்கள். தொடலாமா என்று கேட்டேன். அவள் என்னவோ என்று நினைத்துக்கொண்டு தலையாட்டினாள். போய் இரண்டு கையாலும் அதைக் கட்டிப் பிடித்தேன். "இவர் பெரிசு" என்றேன். அவள் சிரிக்கவில்லை. உள்ளே போய் இன்னொரு பொம்மையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து நிறுத்தினாள். அதையும் கட்டிப் பிடித்தேன். கடையில் வேறு ஆட்களும் நின்றார்கள். ஒரு வயதானவர் மணி வாங்க வந்தவர், மணியை அடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

அந்த இரண்டாவது பொம்மை சரியாக இருந்தது. பிறகுதான் யோசித்தேன், எதற்குச் சரி என்று. மன்னாரில் உங்களைக் கட்டிப் பிடித்தால் முதுகுக்குப் பின்னால் என் விரல்கள் மட்டும் மட்டுமட்டாகத் தொடும். ஹாலேயில் என் வலது கை இடது முழங்கையைப் பிடித்தது. அன்றைக்கு மழை, நீங்கள் நடுங்கினீர்கள், எனக்கு அது உறைக்கவில்லை. ஒரு கடைப் பொம்மையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதுதான் நீங்கள் எவ்வளவு மெலிந்துவிட்டீர்கள் என்று தெரிந்தது.

அதனால் இப்போதைய உடம்புக்கு எடுக்கவில்லை. பழைய உடம்புக்கு எடுத்திருக்கிறேன். உள்ளே கம்பளிச் சட்டை போட இடம் வேண்டும் என்று அந்தப் பெட்டைக்குச் சொன்னேன்.

நான் பார்த்துப் பார்த்து எடுத்தது இது. தையல்களுக்கு மேல் தண்ணீர் இறங்காதபடி நாடா ஒட்டியிருக்கிறது. முன்னால் இழுத்துப் பூட்டும் சிப்புக்கு மேல் ஒரு மடிப்பு வந்து மூடும். கக்கத்துக்குக் கீழே இன்னொரு சிப் உண்டு, மேட்டில் ஏறும்போது அதைத் திறந்தால் வியர்வை ஆறும். தொப்பி தலையோடு சேர்ந்து திரும்பும், பக்கத்தில் வருவதைப் பார்க்க முடியாமல் கண்ணை மறைக்காது. முதுகுப்பக்கம் நீளம்.

நிறம் மஞ்சள். கோபிக்க வேண்டாம். கறுப்பு இருந்தது, கடுநீலமும் இருந்தது, இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தேன். போன மார்கழியில் ஒரு லொறி என் முழங்கையை உரசிக்கொண்டு போனது. சாரதி இறங்கி வந்து, "உங்களை நான் காணவே இல்லை" என்று என்னைவிட அதிகமாக நடுங்கினார். அன்றைக்கு நான் போட்டிருந்தது கடுநீலம். உங்களைக் காணவேண்டியவர்கள் காணட்டும்.

பொதி நாளைக்குத் தபாலில் வரும்.

வெரோனிக்கா


அகதி விடுதி
30.10.1995

அன்பின் வெரோனி,

பொதி கிடைத்தது. திறந்தவுடன் அறை முழுக்க வெளிச்சமாகிவிட்டது. பாலச்சந்திரன், "அண்ணை, நாளைக்கு உங்களை றோட்டுத் தார் போடக் கூட்டிக்கொண்டு போகப் போறாங்கள்" என்கிறான். மற்ற இருவரும் ஆளுக்கு ஒருமுறை போட்டுப் பார்த்தார்கள்.

நல்ல சாமான். கை நீளம் சரி. குனிந்து பார்த்தேன், நீர் சொன்னபடி. கக்கத்து சிப்பைத் திறந்து மூடிப் பார்த்தேன். உள்ளே சாம்பல் நிறத்தில் வலைத்துணி வைத்திருக்கிறார்கள், அதுவும் நல்ல வேலை.

நீர் பொம்மையைப் பிடித்த கதையை இவர்களுக்கு வாசித்துக் காட்டவில்லை. நான் மட்டும் மூன்று தரம் வாசித்தேன்.

சனிக்கிழமை அதே இடத்துக்கு வருவேன்.

மரியரட்ணம்


ஹம்
14.11.1995

அன்புள்ள அத்தானுக்கு,

ஹாலேயிலிருந்து ஜக்கெற்றை நான் திருப்பி எடுத்துக்கொண்டு வந்தது உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று தெரியும். "விடும், நான் சமாளிக்கிறன்" என்றீர்கள். பாலத்துக்குப் பின்னால் இருந்து மஞ்சளாக நீங்கள் வந்தபோது எனக்கு எவ்வளவு சந்தோசம். தூரத்திலேயே கண்டேன். பிறகு கிட்ட வந்து கட்டிப் பிடித்தால் சட்டை பிழியப் பிழிய ஈரம். புது ஜக்கெற் ஒழுகுகிறது என்றீர்கள். அதை நான் நம்பினேன்.

கடைக்குக் கொண்டுபோய்ச் சண்டை பிடித்தேன். அந்தப் பெட்டை ஒன்றும் பேசாமல் ஜக்கெற்றின் முதுகைக் குழியாகப் பிடித்து, எனக்கு முன்னால் ஒரு கோப்பைத் தண்ணீரை ஊற்றினாள். இரண்டு பேரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு துளி கீழே விழவில்லை. "உங்கட மனுசன் இதைச் சரியாத்தானே போடுறவர்?" என்று கேட்டாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நில அளவைத் திணைக்களத்தில் அவ்வளவு காலம் வரைபடம் வரைந்த மனிதருக்கு ஒரு சட்டையைப் போடத் தெரியாதா என்று கேட்டேன். என் ஜேர்மன் மொழியில் அது எப்படி வந்து விழுந்ததோ, அவள் மன்னிப்புக் கேட்டாள்.

நாளைக்கு நான் போய் அவளிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும்.

ஏனென்றால், வீட்டுக்கு வந்து கழுவுவதற்காக அதைக் குளியல் தொட்டியில் விரித்தேன். உங்கள் பின்சில்லு அடித்த சேறு முதுகின் நடுவில் ஒரு கோடாகக் கழுத்துவரை ஏறியிருந்தது. உட்பக்கத்தில். அந்தச் சாம்பல் வலைத்துணியில். வெளிப்பக்கத்து மஞ்சளில் ஒரு பொட்டுச் சேறு இல்லை.

நீங்கள் அதை உட்பக்கம் வெளியே வரப் புரட்டிப் போட்டுக்கொண்டு அவ்வளவு தூரமும் வந்திருக்கிறீர்கள். அப்படிப் போட்டால் சிப்பை மூடும் மடிப்பு உள்ளே போய்விடும், வலைத்துணி மழையைக் குடிக்கும். பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்று திரும்பவும் புரட்டி, ஈரமான பக்கத்தை உடம்போடு போட்டுக்கொண்டு, எனக்காக மஞ்சளாக வந்து நின்றிருக்கிறீர்கள்.

சிசிலி அக்கா எட்டிப் பார்த்து, "என்ன, சேறு போகுதில்லையோ?" என்றா. போகும் என்றேன்.

ஏன் என்று மட்டும் எழுதுங்கள். எனக்குச் சுகமாக இருக்கட்டும் என்று எதையும் மறைக்க வேண்டாம்.

வெரோனிக்கா


அகதி விடுதி
20.11.1995

வெரோனி,

நீர் கேட்டபடியே எழுதுகிறேன்.

புரட்டாதியில் நீர் வந்துபோன அன்று, திரும்பும் வழியில், நகர எல்லைக்குக் கிட்ட ஒரு பொலிஸ் கார் என்னை நிறுத்தியது. மரியாதையாகத்தான் கதைத்தார்கள். கடதாசியைப் பார்த்தார்கள், எழுதிக்கொண்டார்கள். பிறகு தண்டம் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது. அது ஒன்றுமில்லை. கீழே இருந்த வரிதான் எனக்குப் பிரச்சினை. முதல் தரம் தண்டம், இரண்டாம் தரம் பிடிபட்டால் வழக்கு. வழக்கு என்றால் உம்மிடம் வந்து இருப்பதற்கு, ஹம்முக்கு மாற்றித் தரச்சொல்லிக் கொடுத்த விண்ணப்பத்தை ஆர் திரும்பிப் பார்ப்பார்கள்?

உமக்குச் சொன்னால் வரவேண்டாம் என்பீர். அதனால் சொல்லவில்லை.

அந்த மஞ்சளைப் போட்டுக்கொண்டு விடுதி வாசல்வரை ஒருநாள் போனேன். வாசல் தாண்ட ஏலவில்லை. ஊரில் இருந்த கடைசி வருடங்களில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வெளியே போகமாட்டேன், உமக்கு ஞாபகம் இருக்கும். ஹெலிகொப்ரருக்கு வெள்ளை தெரியும் என்று எல்லாரும் மண்நிறத்தில் திரிந்தோம். இங்கே ஹெலிகொப்ரர் இல்லை. அது எனக்கும் தெரியும். என் தோலுக்குத் தெரியவில்லை.

ஆனால் நீர் அதை எனக்காகத் தெரிந்தெடுத்தீர். பாலத்துக்குப் பின்னால் நின்று புரட்டும்போது ஒன்றுதான் நினைத்தேன், வெரோனி என்னை மஞ்சளாகக் காணவேண்டும்.

ஜக்கெற்றைத் திருப்பி அனுப்பும். மார்கழி இரண்டாம் திகதி சனிக்கிழமை வருவேன். கவனமாக வருவேன்.

மரியரட்ணம்


ஹம்
25.11.1995

அன்புள்ள அத்தானுக்கு,

வரவேண்டாம்.

இதை எழுதிவிட்டுப் பேனையை வைத்துவிட்டேன். தேத்தண்ணி போட்டுக் குடித்துவிட்டு வந்து தொடர்கிறேன். ஐந்து வருடம் உங்களை "வாங்கோ" என்று எழுதிய கை இது.

நீங்கள் கொழும்பில் இருந்தபோது உங்களை நினைத்துக்கொண்டு இருப்பது எனக்குச் சுலபமாக இருந்தது என்று சொன்னால் கோபிப்பீர்களா? கடலும் வானமும் இடையில் கிடந்தன. யாரையும் கோபிக்க முடியாது. இப்போது ஒரு நாட்டுக்குள் இருக்கிறோம். ஒரே மழை இங்கேயும் அங்கேயும் பெய்கிறது, அதை இரவுச் செய்தியில் வரைபடத்தோடு காட்டுகிறார்கள். நான் அந்த வரைபடத்தில் ஹாலேக்கு மேல் இருக்கும் முகிலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். இது கூடுதலாக நோகிறது.

மாதத்தில் ஒரு பின்னேரத்துக்காக மிச்ச வாழ்க்கை முழுவதையும் பந்தயம் வைக்கிறீர்கள். அந்தப் பின்னேரம் எனக்கு எவ்வளவு வேண்டும் என்று நான் சொல்லத் தொடங்கினால் நிறுத்தமாட்டேன். ஆனாலும் இந்த விலைக்கு வேண்டாம். நீங்கள் பிடிபட்டால் எனக்கு அடுத்த மாதமும் இல்லை, அதற்கு அடுத்த வருடமும் இல்லை.

அதனால் நான் வருகிறேன். விடுதிக்கே வருகிறேன். பஸ் இல்லை என்றால் என்ன, எனக்குச் சைக்கிள் இருக்கிறது. ரெயினில் சைக்கிளுக்கும் ரிக்கெற் உண்டு, விசாரித்துவிட்டேன். ஹாலேயில் இறங்கி, பெரிய றோட்டால், பகல் வெளிச்சத்தில் ஓடி வருவேன். என்னிடம் கடதாசி இருக்கிறது. என்னை யார் மறித்தாலும் காட்டுவேன்.

ஜக்கெற்றைத் திருப்பி அனுப்பமாட்டேன். அதைப் போட்டுக்கொண்டு வரப்போகிறவள் நான். எனக்குப் பெரிசுதான். கையை இரண்டு தரம் மடித்தாலும் விரல் தெரியவில்லை. அந்தக் கடைப் பெட்டையிடம் மன்னிப்புக் கேட்கப் போனபோது அவள் மணிக்கட்டுக்கு ஒரு இழுபட்டி தந்தாள், காசு வேண்டாம் என்றுவிட்டாள்.

நாலு ஆண்கள் இருக்கும் அறையை நான் பார்க்கக்கூடாது என்கிறீர்கள். முதியோர் இல்லத்தில் நான் தினமும் என்னென்ன பார்க்கிறேன் என்று உங்களுக்குத் தெரியாது. உங்கள் கட்டில் எந்தச் சுவரோரம் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. படுக்கும்போது உங்களை எங்கே வைத்து நினைப்பது என்று தெரியாமல் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மூலையில் வைத்துப் பார்க்கிறேன். அந்த அறை நீங்கள் இருக்கிற அறை. எனக்கு அது போதும்.

உங்கள் மாவட்டம் தொடங்கும் இடத்தில் பெயர்ப்பலகை இருக்கும் அல்லவா. அதற்கு உங்கள் பக்கத்தில் நில்லுங்கள். ஒரு அடியும் தாண்ட வேண்டாம். மிச்சத்துக்கு நான் வருவேன். வழி வரைந்து அனுப்புங்கள்.

வெரோனிக்கா


அகதி விடுதி
28.11.1995

வெரோனி,

நீர் இங்கே வரவேண்டாம். அந்த றோட்டில் லொறி அதிகம். காற்று மேற்கிலிருந்து அடிக்கும். அறையைப் பற்றி நான் சொன்னதில் மாற்றம் இல்லை.

மறுபக்கத்தில் வழி வரைந்திருக்கிறேன். அளவுத்திட்டம் ஒரு சென்ரிமீற்றருக்கு ஐந்நூறு மீற்றர். மேடுகளை நிழல் போட்டுக் காட்டியிருக்கிறேன். பெற்றோல் நிலையத்துக்குப் பிறகு வலது பக்கத்தில் சைக்கிள் பாதை தொடங்கும், அதை விட்டுவிடாதேயும். இரண்டாவது மேட்டில் இறங்கி உருட்டும்.

பாலச்சந்திரன் யன்னல் கழுவுகிறான். நான் கழுவச் சொல்லவில்லை.

மரியரட்ணம்


அகதி விடுதி
5.12.1995

அன்பின் வெரோனி,

நீர் போன பிறகு பாலச்சந்திரன், "அக்கா தேத்தண்ணிக்குச் சீனி காணாது எண்டு சொல்லேல்லையே?" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டான். சொல்லவில்லை என்றேன். நீர் என் கட்டிலில் போய் இருந்து, சுவரைக் கையால் தடவி, "இந்தப் பக்கமோ தலை வைக்கிறனீங்கள்?" என்று கேட்டபோது மற்ற மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராகச் சிகரெட் வாங்கப் போனார்கள். அவர்களில் ஒருவரும் சிகரெட் குடிப்பதில்லை.

உமக்குச் சொல்லாத ஒன்றை எழுதவே இந்தக் கடிதம்.

நான் பதினொரு மணிக்கே பலகையடிக்குப் போய்விட்டேன். மழை விட்டு விட்டுப் பெய்தது. ஒரு மணி போல மேட்டின் உச்சியில் மஞ்சளாக ஒரு புள்ளி தெரிந்தது. நீர்தான் என்று எனக்குத் தெரியும். அந்த வழியை வரைந்தவனே நான். அந்த ஜக்கெற்றை உடம்பில் போட்டவனும் நான். தெரிந்தும், அந்த நிறம் நேரே என்னை நோக்கி வர வர, என் கால் தன்பாட்டில் பின்னால் போய்விட்டது. நான் மரத்துக்குப் பின்னால் நின்றேன்.

நீர் தலையைக் குனிந்து, காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டு வந்தீர். தொப்பியின் ஓரத்தால் தண்ணீர் வடிந்தது. லொறிகள் உமக்கு விலகி, அகலமாக வளைந்து போயின. ஒரு சாரதி கை காட்டினான். நீர் பலகையைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. என்னைக் கடந்து போய்விட்டீர்.

கூப்பிடவேண்டும், வாய் வரவில்லை. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து வெளியில் நான் உரத்துக் கதைத்ததில்லை. கடையில்கூட விரலால் காட்டித்தான் வாங்குவேன். நீர் சிறிசாகிக்கொண்டு போனீர். இன்னும் கொஞ்சம் போனால் வளைவு வரும். அப்போது றோட்டுக்கு ஓடி வந்து, நடுவில் நின்று, "வெரோனிக்கா" என்று முழுப்பெயரையும் கத்தினேன். நாயோடு வந்த ஒரு மனிதர் நின்று என்னைப் பார்த்தார். திரும்பவும் கத்தினேன். மூன்றாம் தரமும் கத்தினேன், அதற்குள் நீர் பிறேக் பிடித்துவிட்டீர், தேவை இருக்கவில்லை, ஆனாலும் கத்தினேன்.

"ஏன் கத்துறியள், எனக்குக் காது கேக்கும்தானே" என்றீர். பிறகு, "எங்கை நிண்டனீங்கள்?" என்று கேட்டீர். கொஞ்சம் பிந்திப்போனேன் என்று சொன்னேன். அது பொய்.

விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் இல்லை. எத்தனை மாதம் என்று ஒருவருக்கும் தெரியாது. தை ஆறாம் திகதி உமக்கு லீவு என்றீர். அன்றைக்கு நான் மரத்தடியில் நிற்கமாட்டேன். பலகைக்கு என் பக்கத்தில், றோட்டுக் கரையில், போகிற வருகிற எல்லாருக்கும் தெரிய நிற்பேன்.

நீர் வாரும்.

மரியரட்ணம்